நாற்பத்தோராம் பக்கம்

வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே புல் தெரிந்தது. ரேனா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பனி கரைஞ்சிட்டுது. இனிச் சொல்ல ஏலாது."

தேர்வில் ரேனாவுக்கு ஜோடியான தமிழ்ப் பெண் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள்.

கனடா இலக்கியத் தேர்வு. இருவருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண். குடியேறி வந்த வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தியின் கடிதத்தை அவள் வாசிக்க வேண்டும். ரேனா தன் பூர்வகுடிச் சனத்தின் கதையைச் சொல்ல வேண்டும். பேராசிரியருக்குக் காய்ச்சல் வந்ததில் தேர்வு மூன்று வாரம் தள்ளிப் போயிருந்தது.

தரையில் பனி கிடக்கும்வரைதான் அந்தக் கதையை வாயில் எடுக்கலாமாம்.

இதை முன்னமே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. மதிப்பெண் குறைந்தால் உதவித்தொகை நின்றுவிடும். "அது போச்செண்டால் படிப்பும் போச்சு, புள்ளை" என்று அம்மா காலையிலும் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கதைதான் அந்தக் கடிதத்திலயே இருக்குதே. நீரே வாசியும்."

இருந்தது. நாற்பத்தோராம் பக்கம்.

அவள் எழுந்து வாசித்தாள்.

'ஜூலை மாதம். பூர்வகுடிக் கிழவர் கதை சொல்ல மறுத்தார். பனி விழட்டும் என்றார். அவருடைய பேரனுக்குப் பசி. ஒரு மூட்டை மாவைக் காட்டினேன். தரையைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார். கதை இதுதான்.'

நேற்றுவரை இந்த வரிகளை ஓடி ஓடித்தான் கடந்திருந்தாள்.

நிமிர்ந்தாள். ரேனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைத்த பிறகு அம்மா பாம்பு என்று சொல்லமாட்டாள். பூச்சி என்பாள். இங்கே ஸ்காபரோவில், பன்னிரண்டாம் மாடியில்கூட.

ஏனென்று அவள் கேட்டதில்லை.

இருட்டிய பிறகு அவளும் அந்தப் பேரைச் சொன்னதில்லை.

"ம், வாசியும்."

அடுத்த வரி கண்ணெதிரே நின்றது. பயமாக இருந்தது.

புத்தகத்தை மூடினாள்.

"இவ்வளவுதான்."

பேராசிரியர் குனிந்து எதையோ எழுதினார். எழுத அதிக நேரம் எடுக்கவில்லை.

நவம்பரில் ஒரு காலை, கோப்பிக் கடையில் அவள் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது முழுநேர வேலை.

கதவைத் தள்ளிக்கொண்டு ரேனா வந்தாள். தலையில், தோளில், இமையில்கூட வெள்ளைப் பனி. சப்பாத்தைத் தட்டிவிட்டு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். ஒன்றும் வாங்கவில்லை.

"உனக்கு எத்தனை மணிக்கு பிரேக்?"