பதினோரு டிக்

அந்தப் பதினோரு டிக்கும் பொய். அது குளத்துக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

"பாத்தீங்களா சார், ஒரு நாள்கூட விடல." மேனேஜர் நோட்டைத் திருப்பி, மூன்றாவது மாடிக்காரரிடம் காட்டினார். "கல் அருவி, காலையில பத்து நிமிஷம். டிக், டிக், டிக். எங்க குளத்துக்காரர் கடிகாரம் மாதிரி."

கடிகாரம் கதவோரம் நின்று வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டது.

அந்தக் குடியிருப்பின் நீச்சல் குளத்துக்கு மேலே, கல் அடுக்கிக் கட்டிய செயற்கை அருவி ஒன்று உண்டு. யார் வீட்டிலாவது பிறந்தநாள் என்றால்தான் அது பிள்ளைகளுக்காகக் கொட்டும். ஆனால் கொட்டுகிறதோ இல்லையோ, தினமும் காலையில் பத்து நிமிடம் ஓடவிட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள் தண்ணீர் தேங்கி, அதில் கலந்த குளோரின் மருந்தெல்லாம் செத்துப்போய், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடித்தனம் வைத்துவிடும். அடுத்த முறை திறக்கும்போது அத்தனையும் பிள்ளைகள் தலையில்தான்.

குளத்தைப் பராமரிக்கும் அவருக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் வால்வு இருப்பது ஒன்பது படி இறங்கி, கீழே பம்ப் அறையில். அவருடைய வலது முட்டியோ மூன்றாவது படியிலேயே உயிரை எடுத்தது. 'நாளைக்கு இறங்கிக்கலாம்' என்று குளத்தோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே டிக் போட்டார். அந்த 'நாளைக்கு' பதினோரு நாளாகியும் வரவே இல்லை.

முட்டி வலி என்று சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்று பயம். துப்புரவு வேலை பார்க்கும் புயலிடமாவது கேட்டிருக்கலாம். துடைப்பத்தைக் கையில் எடுத்தால் சுழன்று அடிப்பாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். விடிவதற்குள் வந்து, இவர் ஏழு மணிக்கு வரும்போது பாதி வேலையை முடித்திருப்பாள்.

"என்னண்ணே, நாற்காலியில அடை காக்கறீங்களா?" என்பாள், ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு.

"போ புயலு, உன் வேலையப் பாரு."

"என் வேலைய நான் எப்பவோ முடிச்சாச்சு. உங்களுக்கென்ன, ஊருப்பட்ட தண்ணிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. எங்க தெருக் குழாய்ல ரெண்டு வாரமா வெறும் காத்துதான் வருது."

அவளிடம் போய், 'என்னால படி இறங்க முடியல' என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஒரு பிறந்தநாள் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். இறுகிப் போயிருக்கும் என்று இரண்டு கையாலும் பிடித்த வால்வு, எண்ணெய் விட்டது போல் லேசாகத் திரும்பியது. நொண்டிக்கொண்டே மேலே வந்தால், பளிங்காகக் கொட்டும் தண்ணீருக்கு அடியில் எட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். 'தப்பிச்சோம்டா சாமி' என்று அப்போது நினைத்தார்.

இரண்டு நாள் கழித்து, அந்த எட்டில் ஒருத்திக்குக் காய்ச்சல். இவரை 'மீன் மாமா' என்று கூப்பிடும் மூன்றாவது மாடிக் குட்டி. இன்றோடு ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள்.

"டாக்டர் என்ன சொல்றாங்க சார்?" குளத்துக்காரரின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"எதனாலன்னே பிடிபடலையாம்." குழந்தையின் அப்பா முகம் தூக்கம் கண்டு பல நாள் ஆன மாதிரி இருந்தது. "தேங்கின தண்ணியில விளையாடினாளான்னு கேட்டாங்க. அப்படின்னா அதுக்குத் தனி மருந்தாம். இந்த நோட்ட போட்டோ எடுத்து அனுப்பிட்டா, தண்ணியால இல்லன்னு தெரிஞ்சு வேற எதையாவது தேடுவாங்க."

போனை நோட்டுக்கு நேராகப் பிடித்தார். பதினோரு டிக்கும் போனுக்குள் வரிசையாக நின்றன.

"அனுப்பாதீங்க சார்!"

இருவரும் திரும்பினார்கள்.

"அந்த டிக் எல்லாம் பொய். முட்டி வலின்னு, பிறந்தநாளுக்கு முன்னாடி பதினோரு நாள் நான் கீழ இறங்கவே இல்ல. அருவியத் திறக்கல. டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க. என்னை அப்புறம் என்ன வேணா பண்ணுங்க."

"யோவ், என்னய்யா சொல்றே!" மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இத்தனை நாள் மரியாதை ஒரே நொடியில் காற்றில் போனது.

குழந்தையின் அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"நேத்து கொஞ்சம் கண் முழிச்சா" என்றார் மெதுவாக. "உங்களுக்குக் குடுக்கணும்னு மீன் படம் ஒண்ணு வரைஞ்சு வச்சிருக்கா."

குளத்துக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். முட்டி வலி இப்போது எங்கே போனதென்றே தெரியவில்லை.

அப்பா டாக்டரின் எண்ணை அழுத்தினார். மணி அடிக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

வெளியே வராந்தாவில் மாப் கட்டை தடாலென்று விழுந்தது. புயல் உள்ளே ஓடி வந்தாள்.

"சார், சார், போனை வைங்க! டாக்டர்கிட்ட தப்பாச் சொல்லிடாதீங்க!"

தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் கசக்கினாள். மேனேஜரைப் பார்த்தாள். போகிற வேலை போகட்டும் என்பது போல் குளத்துக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அருவி ஒரு நாள்கூட நிக்கலண்ணே. தினமும் காலையில நான் அதுலதான் குளிச்சேன்."