மேஜர்

"படிப்பு போதும்! நாளைக்கே சேலம் போயிப் பெட்டியைத் தூக்கிட்டு வந்து—"

"ஏனுங்க, மொதல்ல நான் சொல்றதைக் காது குடுத்து—"

"என்னத்தைக் கேக்கறது? கடுதாசில எழுதியிருக்காளே உன் மவ, 'நான் இப்போது மேஜர்'னு! தருமபுரி கோர்ட்டுல என் ரெண்டு கண்ணால பாத்தேன். 'நான் மேஜர்'னா ஒருத்தி. பெத்தவன் அங்கயே மண்ணுல உருண்டான். அவ பாட்டுக்கு லாரி டிரைவரோட போயிக்கிட்டே இருந்தா!"

மதலேனம்மாள் புருஷனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

"அது வேற மேஜருங்க. காலேஜுல எந்தப் பாடத்தைப் பெருசா எடுத்துப் படிக்கறாங்களோ அதுக்குப் பேரு மேஜரு. நம்ம ரோசம்மா பூகோளம் மேஜரு. போன லீவுல வந்தப்ப சொன்னாளே?"

"அது போன வருஷமே எடுத்தது. 'இப்போது'ன்னு எதுக்கு எழுதறா? 'கோபப்படாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து விவரம் சொல்கிறேன்'னு எதுக்கு எழுதறா?"

"படிச்ச புள்ள, நாலு வார்த்தை சேத்துத்தான் எழுதும்" என்று முணுமுணுத்தாள்.

மாரண்டஹள்ளிச் சந்தைக்குத் தக்காளிக் கூடை சுமக்கிற குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் ரோசம்மா. "பூகோளம் படிச்சு எந்தக் காட்டை உழுவப் போறா?" என்று சின்னப்பன் குதித்தபோதெல்லாம் குறுக்கே நின்றவள் மதலேனம்மாள்தான். இன்னும் ஒரே வருஷம். முடித்தால் பள்ளிக்கூட வேலை. இந்த மனிதர் இப்போது நிறுத்திவிட்டால்?

போதாததற்கு இன்னொன்றும் அவளை உறுத்தியது. இரண்டு மாதம் முன்பு மகள் அவளுக்கு மட்டும் எழுதியிருந்தாள். 'பிறந்த தேதி காட்ட ஞானஸ்நானச் சீட்டு வேண்டும் அம்மா.' பரீட்சைக்குத்தான் கேட்கிறாள் என்று, மாதா கோயில் சாமியாரிடம் வாங்கி, புருஷனுக்குத் தெரியாமல் தபாலில் சேர்த்திருந்தாள். தெரிந்தால் அதற்கும் ஒரு ஆட்டம் ஆடுவார்.

அன்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. பாலக்கோட்டு பஸ்ஸின் ஹாரன் கேட்டது. இருவரும் வாசலுக்கு ஓடினார்கள்.

ரோசம்மா தனியாகத்தான் வந்தாள். அந்த வெயிலிலும் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். கையில் நீளமான காகிதச் சுருள். பின்னால் யாரும் வரவில்லை. மதலேனம்மாளுக்குப் பாதி உயிர் வந்தது.

"மேஜர்னா என்னடி?" செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை சின்னப்பன்.

ரோசம்மா ஒருமுறை தாயைப் பார்த்தாள். "பூகோளத்துல நான்தாங்கப்பா மொத மார்க்கு. இதைப் பாருங்க, சேலத்துல இருந்து பிரிச்ச நம்ம புது ஜில்லா. நானே அளவு போட்டு வரைஞ்ச மேப்பு."

சுருள் விரிந்தது. சின்னப்பன் குனிந்தார்.

"பாத்தீங்களா? வேற மேஜருன்னு அப்பவே சொன்னனா இல்லியா?" மதலேனம்மாளின் குரல் உயர்ந்தது.

"சரி சரி, நீ பெரிய வக்கீலு." அவர் விரல் மேப்பின் மேல் ஊர்ந்தது. "இது நம்மூரு... இது பாலக்கோடு... இந்தக் கோடியில சித்தேரி மலை... இந்தாண்ட ஏரியூரு... அட, காவேரிகூட வளைஞ்சு ஓடுதே!" மனிதர் சிரித்தே விட்டார். "படி சாமி. எம்மட்டு வேணுமோ படி."

மதலேனம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

விரல் ஆற்றைத் தாண்டிப் போய் நின்றது. ஜில்லா எல்லைக்கு அப்பால், ஒன்றும் வரையாமல் வெள்ளையாக விட்டிருந்த இடத்தில், ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

"இதென்ன, மைசூர் பக்கத்து ஊரை நம்ம மேப்புல குறிச்சிருக்க? மார்க்கைக் கொறைச்சிருவாங்களே?"

ரோசம்மா தலை நிமிரவில்லை.

"அது மார்க்குக்குப் போட்டதில்லீங்கப்பா, நான் வாக்கப்பட்ட ஊரு. அம்மா அனுப்புன ஞானஸ்நானச் சீட்டைப் பாத்துத்தான் ரிஜிஸ்டர் ஆபீசுல நான் மேஜர்னு எழுதிக்கிட்டாங்க."