பூவரச இலை எண் 4,716

"சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மாநகரப் பூங்காக்களின் ஒவ்வோர் இலைக்கும் எண் இடும் மாபெரும் வரலாற்றுப் பணி இன்று இனிதே நிறைவுற்றது. இனி அரசுக்குத் தெரியாமல் ஓர் இலையும் அசையாது" என்று பூங்கா ஒலிபெருக்கி முழங்கியது.

அதன் அடியிலேயே உட்கார்ந்து, மரகதம் கீழே கிடந்த பூவரச இலையைச் சுருட்டினாள். ஒரு முனையை நசுக்கி மகள் தமிழினியிடம் பீப்பியாகக் கொடுத்தாள். அவள் ஊதிய ஊதலுக்குப் பூங்காவிலிருந்த பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். பின்னாலேயே இலை ஆய்வாளர் அறிவுடைநம்பியும் ஓடிவந்தார்.

"பிரிச்சுக் குடுங்கம்மா. அது 4,716."

"மரமே வேணாம்னு போட்டது சார் இது."

"விழுந்தாலும் துறையோட சொத்து. இருந்த கிளையிலதான் இருக்கணும்."

"அப்ப ஏறி ஒட்டிக்குங்க. ஆனா பிள்ள ஊதி முடிக்கட்டும். நீ ஊதுடி."

தமிழினி அவர் முகத்துக்கு நேராக, இலை கிழியும்வரை ஊதினாள். பிறகு எச்சில் சொட்டச் சொட்ட நீட்டினாள்.

அறிவுடைநம்பி அதைத் துடைத்து, ஏணி வரவழைத்து, பசையோடு மேலேறிக் கிளையைப் பிடித்து ஒட்டினார்.

கிளை குலுங்கியதில் நாற்பது இலைகள் பிள்ளைகளின் தலையில் விழுந்தன.