ஏழு நிமிடம்

அலைக்கு அப்பால் கடற்படை, இப்பால் ராணுவம் என்பது போர்க்கால விதி. ஒருவர் சொல்லை மற்றவர் கேட்காததால், இப்போது கரையோரப் பீரங்கிகள் ஒரே ஒரு குரலுக்குத்தான் சுடும். அந்த இழுபறியில் ஆளைப் பறிகொடுத்த வீட்டாரில் ஒருவர் குரல் அது. பறிகொடுத்தவர் இன்னொரு உயிர் போக விடமாட்டார் என்பது மேலிடத்தின் நம்பிக்கை. புன்னைத்துறையில் அந்தக் குரல் ஜெனோவாவுடையது.

போன வருடம் அவள் புருஷன் லியோனின் வள்ளத்தை எதிரியின் ட்ரோன்கள் கரைக்குப் பக்கத்திலேயே துரத்தின. பீரங்கிப் பொறுப்பிலிருந்த மேஜர் தணிகைவேல், "அது நேவி எல்லை. எழுத்துல வாங்கிட்டு வாங்க" என்றார். எழுத்து வர ஏழு நிமிடம் ஆனது. அதற்குள் லியோன் வள்ளத்தோடு கரிந்துபோனான்.

இன்று அதே இடத்தில் ஒரு ராணுவப் படகு, பின்னால் ட்ரோன்கள். வயர்லெஸ்ஸில் வந்த குரல் அவளுக்குத் தெரிந்த குரல்.

"மேஜர் தணிகைவேல் பேசறேன். சீக்கிரம் சுடச் சொல்லும்மா!"

"அலைக்கு அப்பால இருக்கீங்களா, இப்பாலயா சார்?"

"இப்ப கேக்குற கேள்வியாம்மா இது?"

"எழுத்துல அனுப்புங்க சார்."

வெடிச்சத்தம் கேட்டது. மேஜரின் குரல் உடைந்தது. "ஆர்மியோ நேவியோ, யாராவது சுடுங்களேன்!"

லியோன் கடைசியாகக் கத்தியதும் இதையேதான். அந்த வயர்லெஸ் பதிவை அவள் நூறு தடவையாவது கேட்டிருப்பாள்.

ஜெனோவா சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது.