கப்பி கட்டிய மூலை

முதல் வாளித் தாரைப் படிக்கட்டு வாசலிலேயே கவிழ்த்தேன்.

மொட்டை மாடிக்குத் தார் பூசுகிறவர்கள் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். எதிர்மூலையில் ஆரம்பித்து, பூசிக்கொண்டே பின்னால் வந்து, கடைசியில் படிக்கட்டில் இறங்கிவிட வேண்டும். பதினெட்டு வருடமாக நானும் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இறங்கியிருக்கிறோம்.

அன்றைக்கு அவர் இறங்கக் கூடாது.

ஒன்பது நாளாக அவர் என்னோடு பேசவில்லை. போன மாதம் நாங்கள் பூசிய ஒரு மாடி ஒழுகிவிட்டது. இவர் கை பட்டால் ஒழுகாமல் என்ன செய்யும் என்று என் தம்பி எதிரே சொல்லித் தொலைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர்தான்.

அதன்பிறகு நான் வாயைத் திறந்தாலே அவருக்கு வெளியே வேலை வந்துவிடும். தெருமுனையில் சிநேகிதர் காத்திருப்பார். சிநேகிதர் கிடைக்காவிட்டால் குளியலறை. ஒரு மனிதர் ஒரே நாளில் நாலு தடவை குளித்து நான் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்பதற்காவது ஆள் நிற்க வேண்டாமா?

அதனால்தான் காலையிலேயே கப்பியைக் கொண்டுபோய் எதிர்மூலையில் கட்டினேன். கீழே தம்பி டிரம்மில் தாரைக் காய்ச்சி, வாளியில் ஊற்றி, கயிற்றை இழுப்பான். மேலே வருகிற வாளியை அவர் எட்டி வாங்கி வைப்பார். நான் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்துத் தேய்ப்பேன். வாளி வாங்குகிறவருக்குக் கண்ணெல்லாம் தெருப்பக்கம்தான் இருக்கும், முதுகுக்குப் பின்னால் தரை கறுத்துக்கொண்டே வருவது தெரியாது என்று நினைத்தேன்.

நிஜமாகவே தெரியவில்லை போலிருந்தது. தார் வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று மார்தட்டுகிற மனிதர் இப்படி ஏமாறுகிறாரே என்று எனக்கே பாவமாக இருந்தது.

உச்சி வெயிலில் கடைசி வாளியும் முடிந்தது. மாடி முழுக்கப் பளபளவென்று கறுப்பு. அந்தக் கோடியில் படிக்கட்டு. இந்த மூலையில் ஒரு கட்டில் அளவுக்கு வெறும் தரை, தண்ணீர்த் தொட்டியின் துண்டு நிழல், நாங்கள் இரண்டு பேர்.

தாரில் கால் வைத்தால் செருப்பு அங்கேயே நின்றுவிடும், ஆள் மட்டும் போகலாம். கயிற்றைப் பிடித்து இறங்கலாமென்றால் அவர் தொப்பைக்கு அது சரிப்பட்டு வராது.

கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. வாயில் வந்ததைச் சொன்னேன். போன மாதம் ஒழுகிய இடம் நான் தேய்த்த இடம். அன்றைக்கு இடுப்பு வலி, ஒப்பேற்றிவிட்டேன். தம்பி என்னைக் கேட்டுவிடுவானோ என்று முந்திக்கொண்டு பழியை உங்கள் தலையில் போட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தப்புதான், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

நல்லவேளை, அவர் எழுந்து போகவில்லை. எங்கே போவார்?

அப்போது கயிறு ஆடியது. கொக்கியில் சாப்பாட்டுப் பை ஏறி வந்தது. இரண்டு பேருக்கான பாத்திரங்கள், தண்ணீர் பாட்டில், தட்டு உட்பட.

நான் எதுவும் சொல்லி வைக்கவில்லையே என்று எட்டிப் பார்த்து, யார் இதை அனுப்பச் சொன்னது என்று கேட்டேன். தம்பி கீழிருந்து நிமிர்ந்தான்.

"மாமா காலையிலயே சொல்லிட்டாருக்கா. மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் மேல மாட்டிக்குவோம், சாப்பாட்டைக் கயித்துல அனுப்புன்னு."

திரும்பினேன். அவர் பையை இறக்கி வைத்துவிட்டு, பாதி நிழலை எனக்கு விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"தார் இறுக மூணு மணி நேரமாவது ஆகும்," என்றார். "மெதுவாவே சாப்பிடு."