கதவின்மேல் ஒட்டிய காடு

வீட்டில் அண்ணன் பாகத்துக்கும் என் பாகத்துக்கும் நடுவில் ஒரு கதவு. பேச்சு நின்ற அன்றைக்கு நான்தான் தாழ்ப்பாள் போட்டேன். இன்றைக்குக் காலையில் மருமகள் வேணி, "பார்க்க நல்லால்ல மாமா" என்று ஆள் வைத்துக் கதவைச் சுற்றிப் பூவேலைச் சட்டம் அடித்து, உள்ளே பெரிய காட்டுப் படத்தை ஒட்டிவிட்டாள்.

அண்ணன் தனியாள். வாசலை உள்ளே பூட்டிக்கொண்டு கிடப்பவன். மத்தியானம் முழுக்க அந்தக் காட்டுக்குள்ளிருந்து இருமினான். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் இருமுவான், எனக்குத் தெரியாதா. பிறகு ஏதோ விழுந்தது. இருமல் நின்றுவிட்டது.

முழங்கால் கடுக்க, படத்து மரத்தில் காதை வைத்து நின்றேன். கடைசியில் காகிதத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன்.

"என்ன மாமா, கிழிக்கிறீங்க?" என்றாள் வேணி.

"நடிக்கிறானான்னு பாக்குறேன். நீ அந்தப் பக்கம் பிடிச்சு இழு."