தானாக மடிக்கும் கை

“யாரும் தொடல, யாரும் இயக்கல. இனி அதுவே பாத்துக்கும்” என்று சொல்லிப் பேராசிரியர் பின்னால் நகர்ந்தார். கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாத அந்த ரோபோ, தன் இரும்புக் கைகளை நீட்டித் துணிக் குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்தது.

கடைசி வரிசையில் அம்மா நாற்காலி நுனிக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் மகள் ராப்பகலாய்ப் பாடுபட்டுச் செய்த ரோபோ அது. முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருக்கும் கம்பெனி முதலாளிக்குப் பிடித்தால்தான் ஒப்பந்தம். ஒப்பந்தம் ஆனால்தான் மகளுக்கு அந்தக் கம்பெனியில் வேலை.

“பாழாப்போனது, துண்டை நழுவ விட்டுக்கிட்டே இருக்கும்மா” என்று போன வாரம்கூடப் போனில் அழுதாள். போதாக்குறைக்கு இன்று ஜலதோஷம் வேறு. விருந்தாளிகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பேராசிரியர் அவளைப் பக்கத்து அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். கதவைச் சாத்துமுன் அம்மாவைப் பார்த்துக் கையாட்டினாள். கையில் கறுப்பு உறை. ஏசி பிள்ளைக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்று அம்மா உச்சுக் கொட்டினாள்.

ஆனால் ரோபோ இன்று ஒன்றையும் நழுவ விடவில்லை. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, புறங்கையால் ஒரு நீவு நீவி, அழகாய் மடித்து அடுக்கியது.

அம்மாவுக்குப் புல்லரித்தது. அந்தப் புறங்கை நீவல் அவளுடையது! ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஊரார் விரிப்பையெல்லாம் மடித்து மடித்துத்தான் மகளைப் படிக்க வைத்தாள். இந்த மடிப்பு என்னோடு போகட்டும், பெண்ணுக்கு வேண்டாம் என்பது அவளுடைய வைராக்கியம். இனி இரும்பு மடிக்கட்டும், அதற்கென்ன இடுப்பா வலிக்கப்போகிறது?

அப்போது ரோபோவின் கை பாதி மடிப்பில் நின்றது. வெடுக்கென்று மேலே போய், தும்மல் வந்ததுபோல் இல்லாத மூக்கைப் பொத்தியது.

“நூறாயுசு!” பெற்ற வாய் சும்மா இருக்குமா? சொல்லிவிட்டது.

முதலாளி திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே மகள், உறை மாட்டிய கைகளோடு, திரையில் தெரியும் துண்டுக் குவியலின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நேரமும் மடித்தது அவள்தான். அவமானத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். வெளியே இரும்புக் கைகளும், இல்லாத முகத்தை அப்படியே மூடிக்கொண்டன.

“இன்னைக்கு மட்டும்தான் சார்... கொஞ்சம் டைம் குடுத்தா நிஜமாவே தானா...” பேராசிரியர் குறுக்கே ஓடி வந்தார்.

பாவி, என் வாயாலேயே பிள்ளை பிழைப்பில் மண்ணைப் போட்டேனே! அம்மா ஓடிப்போய் முதலாளி முன்னால் கைகூப்பினாள். “என் பொண்ணு கெட்டிக்காரி சார். மெஷினைச் சீக்கிரம் சரி பண்ணிடுவா. வேலை மட்டும் இல்லேன்னு சொல்லிடாதீங்க.”

“யாரு இல்லேன்னா? நாளைக்கே வரச் சொல்லுங்க.” முதலாளி சிரித்தபடி பேனாவைத் திறந்தார். “மெஷினெல்லாம் எங்க கிடங்குல குவிஞ்சு கிடக்கும்மா. உள்ளே உக்காந்து மடிக்கத்தான் ஆள் இல்ல.”